செம்மண் ஜெர்சியும் அடுப்படி அலமாரியும்

பொங்கல் நெருங்கினால் செஞ்சி வட்டாரத்துக் கிராமங்களில் கபடி மைதானம் தயாராகிவிடும். மண்ணைக் கொத்தி, கல்லும் முள்ளும் பொறுக்கி, தண்ணீர் தெளித்துப் பதமாக்கி, சுண்ணாம்பில் கோடு போடுவார்கள். கொத்திய மண் என்பதால் விழுந்தாலும் எலும்பு தப்பும். உடுப்பு தப்பாது. இரண்டு ஆட்டம் முடிவதற்குள் புது ஜெர்சியில் எண் எது, பெயர் எது என்று தெரியாத அளவுக்குச் செம்மண் அப்பியிருக்கும்.

பாறைக் குன்றுகளும் செம்மண் கொல்லைகளும் கலந்த நிலம் இது. 2025 ஜூலையில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறிய செஞ்சிக் கோட்டை ஒரு பக்கம். சமணர் கற்படுக்கைகளும் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டும் உள்ள தொண்டூர் இன்னொரு பக்கம். நடுவில் இருக்கும் ஊர்களின் பள்ளி மைதானங்களில் கபடி, வாலிபால், கிரிக்கெட் என்று ஏதாவது ஒன்று நடந்துகொண்டே இருக்கும். போலீஸ் தேர்வுக்கும் ராணுவத் தேர்வுக்கும் தயாராகிறவர்கள் விடியற்காலையில் ஓடிக்கொண்டிருப்பார்கள். சர்வதேசக் கபடி பாய்க்கு மாறி வெகுகாலம் ஆகிவிட்டது. ஊர்க் கபடி இன்னும் மண்ணில்தான்.

ஆட்டம் முடிந்த பிறகு எல்லா வீட்டிலும் நடப்பது ஏறக்குறைய ஒன்றுதான். ஈரமும் மண்ணுமாக இருக்கிற ஜெர்சியைச் சுருட்டிப் பையில் திணித்து, ராத்திரி வீட்டுக்கு வந்ததும் அப்படியே பக்கெட்டில் போட்டுவிட்டுப் பையன் தூங்கிவிடுவான். "கழட்டினதை உதறிக்கூடப் போடலையாடா?" என்று திட்டிக்கொண்டே காலையில் அம்மா வெந்நீர் ஊற்றி, சோப்புத்தூள் போட்டு ஊறவைத்து, கல்லில் வைத்து பிரஷ்ஷால் அழுத்தித் தேய்ப்பார். மண் போகும், பழுப்பு நிழல் நிற்கும். அக்குளில் மஞ்சள் திட்டு நிற்கும். முட்டி சிராய்த்த இடத்து ரத்தம் கரும்பழுப்பாக இறுகியிருக்கும். கடைசியில் ப்ளீச்சிங் திரவம் வரும். கறையோடு ஜெர்சியின் நிறமும் போகும்.

இதில் யார் உழைப்பிலும் குறை இல்லை. பல கறைகள் பிடிவாதக் கறைகளாக மாறுவதே துவைக்கிற கல்லில்தான். எந்தக் கறைக்கு முதலில் எதைச் செய்வது என்கிற வரிசை தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. அதற்கு வேண்டிய பொருள்களில் பெரும்பாலானவை அடுப்படியிலும் வீட்டு மருந்துப் பெட்டியிலும் ஏற்கெனவே இருக்கின்றன.

பருத்திக்குப் பழகிய கை

நம் வீடுகளில் துணி துவைக்கும் பழக்கம் பருத்தியை வைத்து உருவானது. சலவைத் தொழிலாளர்கள் துணியை உவர்மண் கரைசலில் நனைத்து, பெரிய பானையின் மேல் அடுக்கி, அடியில் நெருப்பு மூட்டி, இரவெல்லாம் ஆவியில் வேகவைப்பார்கள். அதுதான் வெள்ளாவி. உவர்மண்ணில் இருக்கும் சோடியம் கார்பனேட் என்கிற காரம் எண்ணெய்ப் பிசுக்கைச் சோப்பாக மாற்றிவிடும். ஆவியின் சூடு அழுக்கை இளக்கும். பிறகு ஆற்றங்கரைக் கல்லில் அடித்து அலசி வெயிலில் விரித்தால் வேட்டி பளிச்சென்று வரும்.

சோழமண்டலக் கரைக்குத் துணி வாங்க வந்த ஐரோப்பியக் கம்பெனிகள் இந்தத் திறமையை நம்பித்தான் வியாபாரம் செய்தன. 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கடலூரை ஒட்டிய தேவனாம்பட்டினத்தில் இறங்க டச்சுக்காரர்கள் அனுமதி கேட்டது செஞ்சி நாயக்கரிடம். பின்னாளில் சென்னையில் ஆங்கிலேயக் கம்பெனியின் துணிகளை வெளுத்துக் கொடுத்தவர்கள் குடியிருந்த இடம் வண்ணாரப்பேட்டை ஆனது.

காரம், கொதிசூடு, கல்லில் அடி. பருத்தி இந்த மூன்றையும் தாங்கும். ஜெர்சி தாங்காது.

இன்றைய ஜெர்சி பெரும்பாலும் பாலியஸ்டர். 1941-ல் இங்கிலாந்தில் விண்ஃபீல்டு, டிக்சன் என்ற இருவர் உருவாக்கிய இழை இது. நம்மூருக்கு டெரிலின் சட்டையாக வந்து சேர்ந்தது. தண்ணீர் பாட்டில் செய்கிற அதே வகைப் பிளாஸ்டிக்தான் நூலாக இழுக்கப்படுகிறது. பருத்தி தன் எடையில் சுமார் 8 சதவீத ஈரத்தைக் காற்றிலிருந்தே வாங்கி வைத்துக்கொள்ளும். பாலியஸ்டர் அரை சதவீதம்கூட வாங்காது. அதனால்தான் வேர்வை இழைக்குள் தங்காமல் மேற்பரப்பில் பரவிச் சீக்கிரம் காய்கிறது. ஆனால் தண்ணீரை ஒதுக்குகிற இழை எண்ணெயை ஒதுக்குவதில்லை. உடம்புப் பிசுக்கு, தேய்த்துக்கொண்ட தைலம், தலையில் வைத்த தேங்காய் எண்ணெய் எல்லாம் அதில் ஒட்டிக்கொண்டு லேசில் விடாது.

உடலோடு ஒட்டிய ஷார்ட்ஸ்களில் கலந்திருக்கும் ஸ்பான்டெக்ஸ் இன்னும் மென்மையானது. 1958-ல் டூபான்ட் நிறுவனத்தில் ஜோசப் ஷிவர்ஸ் உருவாக்கிய இந்த இழைக்குக் குளோரின் ப்ளீச்சும் கடும் சூடும் ஆகவே ஆகாது. இரண்டும் பட்டால் இழுவை போய்த் தொளதொளவென்று ஆகிவிடும். முதுகில் ஒட்டிய எண்ணும் வெந்நீரில் உரியத் தொடங்கும். சப்ளிமேஷன் முறையில் அச்சடித்த எண் மட்டும் உரியாது, ஏனென்றால் அங்கே சாயம் இழைக்குள்ளேயே ஏறியிருக்கிறது.

மண்: ஈரத்தில் கை வைக்காதீர்கள்

செம்மண்ணுக்குச் சிவப்பு தருவது இரும்பு ஆக்சைடு. அதாவது இரும்புத் துருவின் இனம். அது களிமண் துகள்களின் மேல் பூச்சாகப் படிந்திருக்கிறது. களிமண் துகள் ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டரில் ஐந்நூறில் ஒரு பங்கைவிடச் சிறியது. ஈரமாக இருக்கும்போது தேய்த்தால் இந்தத் துகள்கள் நூலுக்கும் நூலுக்கும் இடையில் இன்னும் ஆழமாகப் போய் உட்கார்ந்துகொள்ளும். பிரஷ்ஷால் அழுத்தித் தேய்க்கிற கை, மண்ணை எடுப்பதைவிட உள்ளே தள்ளுவதுதான் அதிகம்.

எனவே மண்ணுக்கு முதல் மருந்து பொறுமை. ஜெர்சியைக் கொடியில் போட்டு நன்றாகக் காய விட வேண்டும். காய்ந்ததும் உட்புறத்தை வெளியே திருப்பி உதறி, பின்பக்கத்திலிருந்து தட்டினால் பெரும்பகுதி தூளாக உதிர்ந்துவிடும். மிச்சத்தை உலர்ந்த பிரஷ்ஷால், பழைய டூத் பிரஷ் ஆனாலும் சரி, லேசாகத் தள்ளிவிடலாம். அதற்குப் பிறகுதான் தண்ணீர். அப்போதும் துணியின் பின்பக்கத்தைக் குழாயடியில் காட்ட வேண்டும். வந்த வழியாகவே மண்ணை வெளியேற்றுவது நோக்கம். முதலில் கெட்டிச் செம்மண்ணாக ஓடும் தண்ணீர் வெளிறி, தேநீர் நிறத்துக்கு வந்து, பிறகு தெளியும். தெளிந்த பின் சோப்புத்தூள் கரைத்த தண்ணீரில் அரை மணி நேரம் ஊறட்டும்.

அதற்கும் பிறகு வெள்ளைத் துணியில் மங்கலான செம்பழுப்பு நிழல் தெரிந்தால் அது துகள்களோடு நின்றுபோன இரும்பு. எலுமிச்சம்பழச் சாற்றில் கொஞ்சம் உப்புக் கலந்து அந்த இடத்தில் தடவி ஒரு மணி நேரம் விட்டு அலசலாம். சாற்றிலுள்ள சிட்ரிக் அமிலம் இரும்பைப் பிடித்துத் தண்ணீரில் கரையும் வடிவத்துக்குக் கொண்டுவருகிறது. ஒரே முறையில் போகாது. இரண்டு மூன்று முறை செய்தால் மங்கும். நிறத்துணியாக இருந்தால் உள்தையல் ஓரத்தில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துவிட்டுச் செய்வது நல்லது.

இங்கே ப்ளீச்சிங் திரவம் உதவாது, உபத்திரவம்தான். இரும்பை அது கரைப்பதில்லை. போர் தண்ணீரில் இரும்புச் சத்து இருந்தால் அதையும் துருவாக மாற்றி வெள்ளைத் துணியில் மஞ்சளாகப் படியவைக்கும். "ப்ளீச் போட்ட பிறகுதான் மஞ்சளாச்சு" என்று சில வீடுகளில் சொல்வதற்குக் காரணம் பெரும்பாலும் தண்ணீர்தான்.

தண்ணீரின் உப்பு

தண்ணீரைப் பற்றிப் பேசாமல் கறையைப் பற்றிப் பேச முடியாது. பாறைப் பகுதிகளின் ஆழ்குழாய்த் தண்ணீரில் கால்சியமும் மக்னீசியமும் மிகுந்திருப்பது வழக்கம். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரையிலான கடினத்தன்மையை ஏற்கத்தக்கது என்கிறது. வேறு தண்ணீருக்கு வழியில்லாத இடத்தில் 600 வரை போகலாம் என்று விட்டுக்கொடுக்கிறது. சமைத்தால் பருப்பு வேகாது, குளித்தால் தலை பிசுபிசுக்கும் என்று ஊரில் சொல்கிற "உப்புத் தண்ணி" பெரும்பாலும் இந்த வகைதான்.

இந்தத் தண்ணீரில் பார் சோப்பைப் போட்டால் முதலில் கால்சியம் சோப்பைப் பிடித்துக்கொள்ளும். நுரைக்குப் பதிலாக வெண்சாம்பல் நிறத்தில் ஒரு பிசின் உண்டாகும். அது துணியில் படியும்; அதன்மேல் மண்துகள் ஒட்டும். வெள்ளை பனியன் நாளடைவில் அழுக்கு நிறத்துக்கு மாறுவது இப்படித்தான். சந்தேகம் இருந்தால் சோதித்துப் பார்ப்பது எளிது. மூடியுள்ள இரண்டு பாட்டில்களில் ஒன்றில் வீட்டுத் தண்ணீரும் மற்றதில் மழைத் தண்ணீரும் பாதியளவு எடுத்து, இரண்டிலும் ஒரே அளவு பார் சோப்புச் சீவலைப் போட்டுக் குலுக்க வேண்டும். மழைத் தண்ணீரில் நுரை பொங்கி நிற்கும். கடினத் தண்ணீரில் நுரை அடங்கி, தண்ணீர் பாலாகக் கலங்கித் திரிதிரியாக மிதக்கும்.

தீர்வு மளிகைக் கடையிலேயே இருக்கிறது. சலவை சோடாவில் ஒரு மேசைக்கரண்டியை ஒரு பக்கெட் தண்ணீரில் முதலில் கரைத்துவிட்டால் அது கால்சியத்தைச் சுண்ணாம்புத் தூளாகப் பிரித்துவிடும். அதன் பிறகு போடுகிற சோப்பு தன் வேலையைச் செய்யும். உவர்மண்ணில் இருந்த அதே பொருள்தான் இது. அளவோடு, ஆறிய தண்ணீரில் போட்டால் ஜெர்சிக்கும் கெடுதல் இல்லை. கை அரிக்கும் என்பதால் கையுறை போட்டுக்கொள்ளலாம். சலவை சோடாவும் ஆப்ப சோடாவும் வேறு வேறு. ஒன்றுக்குப் பதில் மற்றொன்றை மாவில் போட்டுவிடாதபடி டப்பாக்களைத் தனித்தனியாக வைப்பது அவசியம்.

வேர்வையும் போகாத வாடையும்

துவைத்து மடித்து வைத்த ஜெர்சியைப் போட்டுக்கொண்டு பத்து நிமிடம் ஓடினால் பழைய வாடை திரும்ப வருகிறது. பருத்தி பனியனில் இந்தத் தொல்லை குறைவு. காரணம் தேடி பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 26 பேருக்கு டி-சர்ட் மாட்டி, மூச்சு முட்ட உடற்பயிற்சி சைக்கிள் மிதிக்கவைத்தார்கள். சட்டைகளை மூடிவைத்து, பிறகு முகர்ந்து மதிப்பிடுவதில் பயிற்சி பெற்றவர்களிடம் கொடுத்தார்கள். 2014-ல் வெளியான முடிவு: பருத்தியைவிடப் பாலியஸ்டர் சட்டையின் வாடை மோசம். வாடையை உண்டாக்குகிற மைக்ரோகாக்கஸ் வகைப் பாக்டீரியாக்கள் பாலியஸ்டரில் செழித்து வளர்ந்திருந்தன.

புது வேர்வைக்கு வாடை கிடையாது. வேர்வையையும் உடம்புப் பிசுக்கையும் தின்று பாக்டீரியாக்கள் வெளிவிடுகிற பொருள்கள்தான் நாறுகின்றன. பாலியஸ்டர் பிசுக்கை விடாமல் பிடித்து வைத்திருப்பதால் அவற்றுக்கு விருந்து தொடர்கிறது. ஈர ஜெர்சியைப் பையில் சுருட்டி வைத்த இரவு அந்த விருந்தின் உச்சம். எனவே வீட்டுக்கு வந்ததும் துவைக்க முடியாவிட்டாலும் கொடியில் விரித்துப் போடுவது பெரிய வித்தியாசம் செய்யும். மண்ணைக் காயவைப்பதும் அதிலேயே நடந்துவிடும்.

வாடை ஏறிவிட்ட ஜெர்சிக்கு வெள்ளை வினிகர் கை கொடுக்கும். ஒரு பங்கு வினிகருக்கு நான்கு பங்கு தண்ணீர் சேர்த்து, ஜெர்சியின் உட்புறத்தை வெளியே திருப்பி அரை மணி நேரம் ஊறவைத்து, அலசிவிட்டு வழக்கம்போல் துவைக்க வேண்டும். அமிலம் காரச் சோப்பின் மிச்சத்தையும் கடினத் தண்ணீர் விட்டுப்போன சுண்ணாம்புப் படிவையும் கரைத்துவிடும். அவற்றோடு ஒட்டியிருக்கும் பிசுக்கும் இளகும். வினிகர் வாடை காய்ந்ததும் போய்விடும்.

அக்குளில் விழும் மஞ்சள் திட்டு வேறு கதை. வேர்வை வராமல் தடுக்கும் ரோல்-ஆன்களில் அலுமினிய உப்புகள் இருக்கின்றன. அவை வேர்வையில் உள்ள புரதத்தோடும் பிசுக்கோடும் சேர்ந்து திட்டாக இறுகுகின்றன. ஆப்ப சோடாவில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குழைத்து அந்த இடத்தில் பூசி, அரை மணி நேரம் கழித்து மெதுவாகத் தேய்த்து அலசலாம். புதுத் திட்டு இதிலேயே போகும். பழைய திட்டுக்கு முதல் நாள் வினிகர் ஊறல், மறுநாள் சோடாப் பூச்சு என்று பிரித்துச் செய்வது பலன் தரும்.

இரண்டையும் ஒன்றாகக் கலந்து பொங்கவிடுகிற வீடியோக்கள் கைபேசியில் நிறைய வருகின்றன. பார்க்க ஜோர்தான். ஆனால் அமிலமும் காரமும் ஒன்றையொன்று தீர்த்துக்கட்டிவிட்ட பிறகு பாத்திரத்தில் மிஞ்சுவது சக்தியிழந்த உப்புத் தண்ணீர்.

துணி மென்மைக்கும் மணத்துக்கும் கடைசி அலசலில் ஊற்றும் திரவத்தை ஜெர்சிக்கு விட்டுவிடுவது நல்லது. அது இழையின் மேல் மெழுகுப் பூச்சாகப் படிந்து வேர்வை பரவுவதைத் தடுக்கும். வாடைக்குக் காரணமான பிசுக்குக்கும் அது ஒரு போர்வை ஆகிவிடும். வெள்ளைத் துணிக்குப் போடுகிற சொட்டு நீலமும் கறையை எடுப்பதில்லை. மஞ்சளுக்கு மேல் ஒரு துளி நீலத்தை ஏற்றி, கண்ணுக்கு வெள்ளையாகக் காட்டுகிறது, அவ்வளவுதான்.

ரத்தமும் அயோடினும்

மண் மைதானத்தில் முழங்கை, முட்டி சிராய்க்காத ஆட்டக்காரர் இல்லை. ரத்தக் கறையில் எல்லோரும் செய்கிற தவறு வெந்நீர். முட்டையின் வெள்ளைக்கரு சூட்டில் உறைவது போலவே ரத்தத்தின் புரதமும் சூடு பட்டதும் உறைந்து இழையோடு இறுகிவிடும். பச்சைத் தண்ணீர்தான் சரி. பானைத் தண்ணீராக இருந்தால் இன்னும் நல்லது. பின்பக்கத்திலிருந்து தண்ணீர் விட்டு அலசி, உப்புக் கரைத்த குளிர்ந்த தண்ணீரில் அரை மணி நேரம் போட்டு, பிறகு சோப்புப் போட்டால் புதுக்கறை போய்விடும். அடுத்தவர் ரத்தம் என்றால் கையில் உறை போட்டுக்கொண்டுதான் தொட வேண்டும்.

காய்ந்து கறுத்த ரத்தத்துக்கு ஹைட்ரஜன் பெராக்சைடு உண்டு. மருந்துக் கடையில் புண் கழுவ விற்பது பெரும்பாலும் 6 சதவீதக் கரைசல். அதில் சம அளவு தண்ணீர் சேர்த்துச் சொட்டுச் சொட்டாக விட்டால் கறை நுரைத்துப் பொங்கும். ரத்தத்தில் உள்ள கேட்டலேஸ் என்ற என்சைம் பெராக்சைடைத் தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் உடைப்பதால் எழும் நுரை அது. நுரையை ஒற்றி எடுத்து, மீண்டும் விட்டு, நுரைப்பது அடங்கியதும் அலச வேண்டும். இது நிறத்தையும் கொஞ்சம் வெளுக்கக்கூடியது. கறுப்பு, கருநீல ஜெர்சிகளில் முதலில் ஓரத்தில் சோதித்துப் பார்க்க வேண்டும்.

சோப்புத்தூள் பொட்டலத்தில் என்சைம் என்று போட்டிருந்தால் அதுவும் இந்த வேலைக்கு ஆகும். ஜெர்மனியின் ஓட்டோ ரோம் 1913-லேயே கணையத்திலிருந்து எடுத்த என்சைமைத் துணி துவைக்கப் பயன்படுத்த வழி கண்டார். புரதத்தைச் சிறுசிறு துண்டாக வெட்டுவது இந்த என்சைமின் தொழில். அதற்கு வெதுவெதுப்பும் நேரமும் தேவை. கொதிநீர் ஊற்றினால் என்சைமே செத்துவிடும். போட்ட கையோடு அலசினால் அது வேலையைத் தொடங்கியே இருக்காது.

ரத்தத்துக்குப் பின்னாலேயே வருவது காயத்தில் தடவிய அயோடின் மருந்தின் செம்பழுப்புக் கறை. பார்த்தால் போகவே போகாது என்று தோன்றும். ஆனால் எல்லாக் கறைகளிலும் வேகமாக மறைவது இதுதான். வீட்டில் இருக்கும் வைட்டமின் சி மாத்திரை ஒன்றைப் பொடித்து இரண்டு கரண்டி தண்ணீரில் கரைத்து ஊற்றினால் கண்ணெதிரிலேயே நிறம் வெளிறிவிடும். வைட்டமின் சி அயோடினை நிறமற்ற அயோடைடாக மாற்றுகிறது. எலுமிச்சைச் சாற்றிலும் வைட்டமின் சி உண்டு என்பதால் அதுவும் செய்யும், கொஞ்சம் மெதுவாக. கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையில் அயோடின் பட்டால் ஸ்டார்ச்சோடு சேர்ந்து கருநீலமாகிவிடும். பயப்பட வேண்டியதில்லை, மருந்து அதேதான்.

தைலம், புல், பந்து

பிடிப்புக்குத் தேய்க்கும் தைலமும் நல்லெண்ணெயும் ஜெர்சியில் பட்டால் முதலில் தண்ணீர் காட்டக் கூடாது. உலர்ந்த துணியில், கறையின் மேல் கடலை மாவையோ முகப் பவுடரையோ தூவிக் கால் மணி நேரம் விட்டால் எண்ணெயின் ஒரு பகுதியை அது உறிஞ்சிக்கொள்ளும். தட்டிவிட்டு, பாத்திரம் கழுவும் திரவத்தில் இரண்டு சொட்டை நேரடியாக உலர்ந்த கறையில் தடவி விரலால் பரப்ப வேண்டும். பத்து நிமிடம் கழித்துத்தான் தண்ணீர். எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கவே தயாரித்த திரவம் என்பதால் சோப்புத்தூளைவிட இது வேகமாக வேலை செய்யும்.

சோப்புத்தூள் வருவதற்கு முன் இந்த வேலையைச் செய்தது பூந்திக்கொட்டை. அதன் தோலில் உள்ள சப்போனின் தண்ணீரில் நுரைத்துப் பிசுக்கை இளக்கும். கொட்டையை நீக்கிய தோலை இரவு ஊறவைத்துப் பிசைந்து வடிகட்டினால் மென்மையான சலவைத் தண்ணீர் கிடைக்கும். பட்டுக்கும் கம்பளிக்கும் இன்றும் பலர் இதைத்தான் நம்புகிறார்கள். நிறம் போகக்கூடிய ஜெர்சிக்கும் ஏற்றது. தைலம் போன்ற கடும் பிசுக்குக்கு மட்டும் போதாது.

புல்தரை மைதானத்தில் சறுக்கி விழுந்தவருக்கு ஒட்டுவது பச்சையம். தண்ணீரில் கரையாத இந்தப் பச்சை ஆல்கஹாலில் கரையும். கொரோனாக் காலத்தில் வாங்கி அலமாரியில் கிடக்கும் சானிடைசரோ ஊசி போடும்போது தடவுகிற ஸ்பிரிட்டோ போதும். பஞ்சில் நனைத்து ஒற்ற வேண்டும். பச்சை பஞ்சுக்கு மாறும். பஞ்சை மாற்றி மாற்றி ஒற்றிவிட்டுப் பிறகு துவைக்கலாம். அடுப்பு எரிகிற இடத்தில் இதைச் செய்யக் கூடாது.

கிரிக்கெட் பந்தைத் தொடையில் தேய்த்துப் பளபளப்பாக்கும் பந்துவீச்சாளரின் வெள்ளைப் பேண்டில் விழும் சிவப்புக் கீற்று இரட்டைக் கறை. தோலின் சாயமும் அதன்மேல் பூசிய மெழுகுப் பளபளப்பும் சேர்ந்தது. மெழுகு முதலில் போனால்தான் சாயத்தைத் தொட முடியும். எனவே பாத்திரம் கழுவும் திரவம் முதலில், ஸ்பிரிட் அடுத்து. வரிசையை மாற்றினால் சிவப்பு பரவி ரோஜா நிறத் திட்டாகிவிடும்.

ஒன்றாகச் சேரக் கூடாதவை

இவ்வளவும் வீட்டுப் பொருள்கள் என்பதால் ஆபத்து இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. ப்ளீச்சிங் திரவத்தோடு வினிகரோ எலுமிச்சையோ கழிவறை கழுவும் அமிலமோ சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். மூடிய குளியலறையில் அது மூச்சையே அடைத்துவிடும். அம்மோனியா கலந்த தரை, கண்ணாடி துடைப்பான்களோடு சேர்ந்தாலும் நச்சு வாயுதான். பெராக்சைடையும் வினிகரையும் ஒரே பாட்டிலில் கலந்து வைக்கக் கூடாது. ஒரு மருந்து போட்டுப் போகவில்லை என்றால் நன்றாக அலசிய பிறகே அடுத்ததைத் தொட வேண்டும்.

கறை போய்விட்டதா என்று பார்க்காமல் இஸ்திரி போடுவது இன்னொரு தவறு. ஈரத்தில் தெரியாத கறை காய்ந்ததும் தெரியும். அதற்குள் சூட்டுப்பெட்டி பட்டிருந்தால் அது நிலைத்துவிடும். பாலியஸ்டரை நிழலில், உட்புறம் வெளியே இருக்கும்படி உலர்த்தினால் இஸ்திரியே தேவைப்படாது.

மஞ்சள்

ஜெயித்த அணிக்கு ஆரத்தி எடுக்கும்போது, திருவிழா முடிவில் மஞ்சள் தண்ணீர் ஊற்றும்போது, அடிபட்ட முட்டிக்கு மஞ்சள் பற்றுப் போடும்போது என்று இந்தக் கறை எப்படியும் ஜெர்சிக்கு வந்துவிடுகிறது. சோப்புப் போட்டதும் மஞ்சள் திட்டு ரத்தச் சிவப்பாக மாறுவதைப் பார்த்துத் திகைக்காதவர்கள் குறைவு. ஆரத்தித் தட்டில் மஞ்சள் கரைத்த தண்ணீரில் சுண்ணாம்பு சேர்த்ததும் சிவக்கிறதே, அங்கே நடப்பதுதான் இங்கேயும். மஞ்சளின் குர்குமின் காரத்தில் சிவக்கும், அமிலத்தில் மறுபடி மஞ்சளாகும். சிவந்த இடத்தில் எலுமிச்சைச் சாறு விட்டால் உடனே பழைய நிறத்துக்குத் திரும்புவதைப் பார்க்கலாம். கறை அப்படியேதான் இருக்கிறது, நிறம் மட்டும் மாறுகிறது.

குர்குமின் தண்ணீரில் கரைவதில்லை, ஸ்பிரிட்டில் கரையும். எனவே முதலில் ஸ்பிரிட் பஞ்சால் ஒற்றி, பாத்திரம் கழுவும் திரவம் போட்டு அலச வேண்டும். அதற்கு மேலும் மிஞ்சுவதற்கு மருந்து வெயில். வெளிச்சம் பட்டால் குர்குமின் சிதைந்து நிறமிழந்துவிடும். ஜெர்சியை ஈரத்தோடு, கறை மேலே தெரியும்படி வெயிலில் விரித்தால் முதல் மதியத்திலேயே மங்கத் தொடங்கும். அழுத்தமான கறைக்கு இன்னும் ஓரிரு நாள் வெயில் பிடிக்கும். ஸ்பான்டெக்ஸ் கலந்த ஷார்ட்ஸுக்கு நெடுநேர வெயில் ஆகாது என்பதால் கறைப்பகுதியை மட்டும் வெயிலில் காட்டி, மற்றதை ஒரு பழைய துண்டால் மூடிவிடலாம். நிறம் மறைந்ததும் எடுத்து நிழலுக்கு மாற்றிவிட வேண்டும்.